மரநாய் பார்த்த ஜன்னல்

மரநாய் கேமராவைப் பார்க்கவில்லை. தட்டில் கிடந்த பலாச்சுளையையும் பார்க்கவில்லை. சேலம் ஸ்டூடியோவில் கழுவி வந்த படங்களை மேஜையில் பரப்பியபோதுதான் சுப்பிரமணிக்கு அது உறைத்தது. போன மாதத்து முள்ளம்பன்றி, அதற்கு முந்தின மாதத்துக் கீரி, காட்டு முயல், எல்லாமே தலையைத் தூக்கி ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் வீட்டுச் சமையற்கட்டு ஜன்னலை.

ஜன்னலுக்குள் இருந்தது அவன்தானே, அவனைப் பார்க்காமல் யாரைப் பார்க்கும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

கிளியூருக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் அவனுக்குக் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. மனைவி வள்ளி தலைப்பிரசவத்துக்கு ஆத்தூர் போய் ஐந்து மாதமாகிவிட்டது. தனியாளாகக் கிடக்கிறவன் சீட்டு, சாராயம் என்று போகாமல் கேமரா பின்னால் போனது குடும்பம் செய்த புண்ணியம்தான். தினமும் ஐந்தரை மணிக்குக் கொல்லையில் பலா மரத்தடியில் ஈயத்தட்டு நிறையப் பழமும் சோறும் வைப்பான். வீட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு மரப்பெட்டி, அதன்மேல் ஃபிளாஷ் மாட்டிய கேமரா. கேமராப் பித்தானை அழுத்த அவனே பொருத்திய தகரத்தில் தூண்டில் நரம்பைக் கட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, முக்காலியில் உட்கார்ந்து காத்திருப்பான். இழுத்தால் ஒரு படம். அடுத்த படத்துக்கு எழுந்து போய் ஃபிலிமைச் சுற்றிவிட்டு வரவேண்டும். வெளிச்சம் தெரிந்தால் பிராணிகள் தட்டுப் பக்கமே வராது என்று சமையற்கட்டில் விளக்கு மட்டும் ஏற்றுவதில்லை.

மறுநாள் சாயங்காலம் அவன் தட்டு இருந்த இடத்தில் குந்தி, படத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தான். முக்காலியில் உட்கார்ந்தால் அவன் தலை ஜன்னலின் அடிச்சட்டத்தைத் தாண்டி ஒரு சாண் தெரியும், அவ்வளவுதான். மரநாயின் பார்வை மேல்சட்டத்துக்குப் போயிருந்தது. அவனுக்குப் பின்னால் நிற்கிற ஒருவரின் முகத்துக்கு.

பால் ஊற்ற வரும் கண்ணாயி சில வாரமாகவே சமையற்கட்டுப் பக்கம் வருவதில்லை. முன்வாசலிலேயே சொம்பை வைத்துவிட்டு நகர்ந்தவளை அவன் நிறுத்தினான்.

"என்ன கண்ணாயி, பின்பக்கம் வரவே மாட்டேங்கறே?"

"ஏனுங்க ரைட்டரு, நீங்க ஒத்த ஆளுதானுங்களே இருக்கறீங்க?"

"ஆமா."

அவள் தரையைப் பார்த்தாள். "பொழுது எறங்குனா எங்க ஊட்டுல மொதல்ல வெளக்கு வெப்போமுங்க. வெளக்கு வெக்காத ஊட்டுல இருந்துக்கிட்டு வெளிய சோத்த வெச்சா, வாங்கன்னு கூப்புடறாப்புலங்க. மரநாய மட்டுமா கூப்புட்டீங்க? அம்மிணி கைக்கொழந்தையோட வருது. பாத்துக்கோங்க."

மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்து அனுப்பிவிட்டான். ஆனால் பயந்துவிட்டான். வெள்ளிக்கிழமை வள்ளி வருகிறாள், இன்னும் அவன் மடியில் எடுத்துப் பார்க்காத மூன்று மாதப் பெண் குழந்தையோடு. அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

கேமராவில் இப்போது கிடந்த ரோலில் மூன்று படம் பாக்கி இருந்தது. கேமராவை வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தான். மலையிலிருந்து இறங்கிய பனி காப்பிச் செடிகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வர, எங்கோ ஒரு தவளை கத்தி நின்றுபோக, இருட்டுச் சமையற்கட்டில் பழைய சாம்பல் வாசனையோடு நனைந்த கம்பளி வாசனையும் கலந்து வர, அவன் முக்காலியில் உட்கார்ந்து நரம்பை இழுத்தான். வீட்டில் கம்பளியே கிடையாது. வெளியே போய்ச் சுற்றிவிட்டு வந்தான். மறுபடி இழுத்தான். பிடரி குளிர்ந்தது. திரும்பவில்லை. மூன்றாவதற்குச் சுற்றிவிட்டு வீட்டைப் பார்த்து நடக்கும்போது முதுகுப்பக்கம் பளிச்சென்றது. க்ளிக். காலில் நரம்பு தட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ரோலைக் கழற்றிப் புது ரோலைப் போட்டு, பழக்க தோஷத்தில் அதையும் சுற்றி, அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினான். கேமராவைத் தொட அதன் பிறகு அவனுக்கு மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வள்ளியும் வந்தாள், படங்களும் வந்தன. குழந்தையை அவள் நீட்ட, கண்டக்டர் ஆறுமுகம், அவன் சேலத்துக்குக் கொடுத்தனுப்பிய ரோலின் ஸ்டூடியோ கவரை நீட்டினார். சுப்பிரமணிக்கு எதை முதலில் வாங்குவதென்று தெரியவில்லை. குழந்தையை வாங்கினான். சூடாக, கனமில்லாமல் இருந்தது. இதற்கு ஒன்றும் வரக்கூடாது சாமி என்று வாய்விட்டே சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தை பாலுக்கு அழுதது. அதை வள்ளியிடம் கொடுத்துவிட்டுக் கவரோடு கொல்லைக்குப் போனான். சமையற்கட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏனுங்க, வெளக்கே ஏத்தாம இருந்தீங்களா? திரி நொம்ப காஞ்சு கெடக்குதுங்க. தீப்பெட்டி எங்க?"

"வர்றேன்" என்றான்.

கவரைப் பிரித்தான். முப்பத்து நான்காவது படம்: ஜன்னல், அவன், பின்னால் வெறும் இருட்டு. முப்பத்து ஐந்தாவது: அதே ஜன்னல், அதே அவன். வேறெதுவும் இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்தது.

முப்பத்தாறாவது.

வீட்டைப் பார்த்து நடக்கும் அவன் முதுகு. ஜன்னலில், காலி முக்காலிக்கு மேலே, ஓர் உடம்பு. இடுப்பு. மார்பு. மேல்சட்டத்துக்குக் கீழே குனிந்த மோவாய். முன்னால் நீண்ட ஒரு கை. கையில் நரம்பு.

நிமிர்ந்தான்.

வள்ளி ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருட்டு. காப்பிச் செடிகளின் ஓரத்தில் சருகு அசைந்தது. மரநாய். அதன் பக்கத்தில் கீரி. முள்ளம்பன்றி. ஒன்றும் தட்டைத் தேடவில்லை. எல்லாம் தலையைத் தூக்கியிருந்தன.

குழந்தை பாலை விட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே பார்த்தது.

"வள்ளி, எந்திரி." குரல் எழவில்லை.

அவள் இரண்டு கைகளும் குழந்தையின்மேல்தான் இருந்தன.

அவன் காலடியில், புல்லில் கிடந்த நரம்பு மெல்ல எழும்பியது. இறுகியது.

க்ளிக்.