பயனெட்டின் மேல் ஐந்து விரல்கள்

விழா நாள் காலையில் எண்ணெய்த் துணியோடு நடைக்கூடத்துக்கு வந்த ஒப்ரென், சுவரின் நடுவில் தொங்கிய பயனெட்டின், அந்தத் துப்பாக்கிமுனைக் கத்தியின், அலகில் துரு படிந்திருப்பதைப் பார்த்தார். புள்ளியாக இல்லை, கோடாகவும் இல்லை. ஒரு பக்கம் நான்கு விரல்கள், மறுபக்கம் பெருவிரல். கைப்பிடியை விட்டுவிட்டு அலகையே யாரோ இறுகப் பிடித்தது போல.

அந்த வீட்டில் வெறுங்கையால் அலகைத் தொட யாருக்கும் அனுமதியில்லை. வியர்வையின் உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பது பழைய ஆயுதம் சேகரிப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. சுவரில் வரிசையாய்த் தொங்கிய பயனெட்டுகள் யாவும் போர் முடிந்த பிறகு, அவர் குடியிருந்த அதே கிராகுயேவாட்ஸ் ஊரின் ஆயுத ஆலையில் புதுப்பிக்கப்பட்டவை. ஜெர்மன் படை விட்டுச்சென்ற பயனெட்டுகளின் பழைய முத்திரையைச் சாணைக்கல்லில் தேய்த்து அழித்து, புதிய நாட்டின் முத்திரையைப் பதித்து, துருப் பிடிக்காமலிருக்கக் கருநீலப் பூச்சு ஏற்றி, புது மரக் கைப்பிடி பூட்டி மறுபடி பட்டாளத்துக்கு அனுப்பினார்கள். பட்டாளம் கழித்துப் போட்டதை ஒப்ரென் சந்தை சந்தையாய் அலைந்து வாங்கினார்.

நடுவில் இருந்தது மட்டும் வாங்கியதில்லை. அது அவர் அப்பாவுடையது. அப்பா அந்த ஆலையின் சாணைப் பிரிவில்தான் வேலை பார்த்தார். ஒரு ஜெர்மன்காரனிடமிருந்து பிடுங்கியது என்று ஒவ்வொரு விழாவிலும் விருந்தாளிகளிடம் சொல்வார். அவர் போன பிறகு ஒப்ரென் சொல்லி வருகிறார். ஒருமுறை பெல்கிரேடிலிருந்து வந்த சேகரிப்பாளர் அதைக் கையுறையோடு வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "முத்திரை இருக்கிற இடத்தை மட்டும் தேய்ச்சா போதுமே. இது அலகு பூராவும்ல தேய்ஞ்சிருக்கு. எதை அழிக்கப் பார்த்தாங்க?" அவருக்கு அதற்குமேல் அந்த வீட்டில் காப்பி கிடைக்கவில்லை.

ஊரில் ஒரு பேச்சு இருந்தது. போர்க்காலத்துக் குளிரில், குடும்பத்தின் காவல் புனிதரான அதிதூதர் மிக்கேலின் இதே விழா நாளில், அந்த வீட்டுக்குள் போன விருந்தாளி ஒருவர் வெளியே வரவே இல்லை என்று. இளவயதில் அதைத் தன் காதுபடச் சொன்னவனை ஒப்ரென் சந்தையில் வைத்து அறைந்திருக்கிறார். குலப் புனிதரின் விழாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. வந்தவர் யாரையும் திருப்பி அனுப்புவதும் இல்லை. கடைசி விருந்தாளி கிளம்பும்வரை வீட்டுத் தலைவன் உட்காருவதில்லை. இதைத் தவறாமல் காத்த குடும்பம் என்பதுதான் அவர்களுக்கிருந்த பெயர். அந்தப் பெயரில் ஒரு விருந்தாளியின் ரத்தம் பட்டால் மிஞ்சுவதற்கு எதுவுமில்லை.

தடத்தைத் தேய்த்தார். போயிற்று. துணியை மடிக்கும்போதுதான் அந்த வாசனை வந்தது. வெந்த கோதுமை, சர்க்கரை, ஜாதிக்காய்.

அடுப்படியில் மருமகள் நெவெனா பெரிய தட்டில் கோதுமையைக் குவித்து மேலே சர்க்கரைப் பொடியில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அவளுக்கு இது முதல் விழா.

"என்ன இது?"

"கோதுமை, மாமா. எங்க அம்மா செய்யிற பக்குவத்துலயே வந்திருக்கு."

"உங்க வீட்டுப் புனிதர் செத்துப் போனவர். எங்க அதிதூதர் மனுஷனில்ல, தேவதூதர், அவருக்குச் சாவே கிடையாது. இந்த வீட்டுல கோதுமை வேகக்கூடாதுன்னு உன் புருஷன் சொல்லலையா?"

"அவர் வியன்னாவுல லாரி ஓட்டிக்கிட்டே போன்ல பேசுறாரு. ரெண்டு வார்த்தையில இதையா சொல்வாரு?" அவள் முகம் சிவந்தது. "சாப்பாடுதானே, மாமா."

"சாப்பாடுதான். யாருக்கு வைக்கிறதுன்னு யோசி. செத்தவங்களுக்கு வைக்கிறது அது."

தட்டை எடுத்துக் கொட்டியிருப்பார். அதற்குள் பக்கத்து வீட்டு மிலுன் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு ஸ்பூன் அள்ளி வாயில் போட்டு, எச்சில் ஸ்பூனை வழக்கப்படி தண்ணீர் டம்ளரில் நழுவவிட்டார்.

"யோவ் ஒப்ரென், அதிதூதருக்கே எழவுச் சோறு போட்டுட்டியா? பாவம், சேதி அவருக்கு இன்னும் போகலை போல!"

விருந்தாளி தொட்ட தட்டை இனி எடுக்க முடியாது. கோதுமை வாசல் மேசைக்குப் போயிற்று, விழா மெழுகுவர்த்தியின் பக்கத்தில்.

மதியம் முழுவதும் ஆட்கள் வந்தார்கள். பன்றி வறுவலும் கோஸ் உருண்டையும் பிளம் சாராயமுமாக வீடு மணத்தது. ஒப்ரென் முதுகு வளையாமல் நடைக்கூடத்தில் நின்று ஒவ்வொருவரையும் வரவேற்றார். அங்கே நிற்பதற்குக் காரணம் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது தடம் மறுபடி வந்திருந்தது. இப்போது ஆழமாக, ரேகைகூடத் தெரியும்படி, ஈரமாக. தன் அகன்ற முதுகால் அதை மறைத்துக்கொண்டு சிரித்தார், குவளைகளை நிரப்பினார். எல்லா வாசனைகளுக்கும் அடியிலிருந்து நனைந்த இரும்பின் வாசனை மெல்ல ஏறியது. சட்டைக்குள், தோள்பட்டைகளுக்கு நடுவே, ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் குளிர்ந்தது.

"ஜெர்மன்காரன் கதையைச் சொல்லுய்யா," என்றார் மிலுன், சாராயம் ஏறிய குரலில். "வருஷா வருஷம் அவன் வளந்துக்கிட்டே போறான். இந்த வருஷம் எத்தனை அடி?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒப்ரென் ஆரம்பித்தார். "எங்கப்பா அதை ஒரு ஜெர்மன்காரன்கிட்ட இருந்து..."

அவருக்குப் பின்னால் ஆணியில் இரும்பு மெல்ல முனகியது. மெழுகுவர்த்திச் சுடர் காற்றில்லாமல் சாய்ந்தது. கதையை அவர் முடிக்கவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

பொழுது சாய்ந்தது. பனி விழத் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாக மிலுன் தடுமாறிப் போனார். ஒப்ரென் கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்தார். இனி உட்காரலாம்.

கதவு தட்டும் சத்தம்.

விரல் முட்டியால் தட்டுவது போல இல்லை. உள்ளங்கையால் அடிப்பது போல. மெத்தென்று. ஈரமாக.

அவர் நகரவில்லை. நெவெனாதான் ஓடிப்போய்த் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரோ வயசானவரு, மாமா. செம்மறித்தோல் தொப்பி, பழைய கம்பளிக் கோட்டு. கிராமத்து ஆளு மாதிரி இருக்காரு. ஒரேயடியா நனைஞ்சிருக்காரு. யாரு அவரு?"

வேண்டாம், சாத்து. நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கதவு ஒரு விருந்தாளியின் முகத்தில் சாத்தப்பட்டதே இல்லை. இன்று சாத்தினால், ஊர் சொன்னது அத்தனையும் உண்மை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. அதுவும் மருமகள் பார்த்து நிற்க.

"உள்ள வரச் சொல்லு," என்றார் ஒப்ரென். "இந்த வீட்டுல யாரையும் வாசலோட அனுப்பினதில்லை."

வந்தவர் தோளில் பனி இருந்தது. வீட்டின் வெக்கையில் அது உருகவில்லை.

"விழா நல்லபடியா நடக்கட்டும், வீட்டுக்காரரே."

ஜெர்மன் குரல் இல்லை. இந்த ஊர்க் குரல். இந்த மண்ணின் இழுப்பு.

வலது கையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இடது கையால் கோதுமையை அள்ளினார். மென்றார். நெடுநேரம் பசித்திருந்தவர் மெல்வதுபோல மென்றார். ஸ்பூனை டம்ளரில் போட்டார். தண்ணீர் மெல்ல நிறம் மாறியது. முதலில் மஞ்சள். பிறகு துரு. பிறகு துருவும் இல்லை, ரத்தச் சிவப்பு.

"மாமா," என்றாள் நெவெனா. மேசையிலிருந்த கோதுமைத் தட்டை எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

விருந்தாளி அவர்களைத் தாண்டிச் சுவரருகே போனார். தேடவில்லை. வலது கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் குறுக்கே ஒரு பிளவு, வாய் போல. அலகைப் பிடித்தார். நான்கு விரல்கள் ஒரு பக்கம். பெருவிரல் மறுபக்கம். தடம் முழுவதும் மறைந்தது. விரல் ஒன்றுகூட விலகவில்லை.

பயனெட்டை ஆணியிலிருந்து எடுத்தார். திரும்பினார்.

ஒப்ரெனின் கால்கள் உட்காரச் சொல்லிக் கெஞ்சின. விருந்தாளி இருக்கிறார். உட்காரக் கூடாது.

"நில்லுங்க," என்றார் விருந்தாளி, மரியாதையாக. "அன்னைக்கு நான் இந்த அலகைப் பிடிச்சுத் தடுத்தப்ப உங்கப்பாவும் நின்னுக்கிட்டுதான் இருந்தாரு."

கூர்முனையைத் தன் நெஞ்சுக்கு நேராகத் திருப்பி, கைப்பிடியை ஒப்ரென் பக்கம் நீட்டினார், வீட்டுக்காரரிடம் கத்தியைத் தருகிற முறைப்படி. விரல்களின் இடுக்கிலிருந்து தரையில் ஒரு சொட்டு. இன்னொன்று. மெழுகுவர்த்தி ஆடாமல் எரிந்தது. வாசலில் தட்டைப் பிடித்தபடி நெவெனா.

ஒப்ரென் தன் வலது கை எழுவதைப் பார்த்தார். அவர் எழுப்பவில்லை. விரல்கள் மரத்தைச் சுற்றி மூடின. கைப்பிடி வெதுவெதுவென்று இருந்தது, இப்போதுதான் யாரோ விட்டுவிட்டுப் போனது போல.