ஒன்பதாம் கட்டிலில் யார்?

காலை 10.12. தஞ்சாவூரிலுள்ள அந்தத் தனியார் மருத்துவமனையின் கட்டுப்பாட்டு அறைத் திரையில், தீவிர சிகிச்சைப் பிரிவின் பன்னிரண்டு கட்டில்களும் சிவப்பாக எரிந்தன. மெத்தைக்கு அடியிலிருக்கும் சென்சார் பாரத்தை உணர்ந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. அடுத்த கட்டில் மாலை நான்கு மணிக்குத்தான் காலியாகும் என்று கணித்த கணினி, கோடியக்கரை உப்பளத்தில் பாம்பு கடித்த பெண்ணோடு வந்துகொண்டிருந்த ஆம்புலன்ஸைத் திருச்சிக்குத் திருப்பிவிட்டது.

கட்டில் பொறுப்பாளர் எழில்மொழிக்கு மனம் ஒப்பவில்லை. கட்டில் பன்னிரண்டு, நோயாளி ஃபைல் பதினொன்று; ஒன்பதாம் கட்டிலுக்கு ஃபைல் இல்லை. டிரைவரை அழைத்தாள்.

"வடுவூர் தாண்டிட்டோம்ங்க. மூச்சுத் திணறுது. திருச்சி வரைக்கும் தாங்காதுங்க."

"திருச்சி பைபாஸ் பிரியறதுக்குள்ள சொல்றேன். லைன்லயே இருங்க."

10.19. மாடியில் நோயாளியின் உறவினர் ஒருவர் வழிமறித்தார். "காலையிலேருந்து குடிக்கத் தண்ணி இல்லம்மா. ரெண்டு கேனையும் காணோம்."

வார்டு வாசலில் உதவியாளர் பஞ்சநதம் நின்றார். சட்டையின் தோள்பட்டை ஈரமாக இருந்தது.

"ஒன்பதுல யாரு?"

"காலையில வந்த கேஸ்ங்க. போர்த்திக்கிட்டுத் தூங்குறாரு."

"பேரு?"

"ஃபைல் இனிமேதாங்க வரும்."

எழில்மொழி கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். 8.20 முதல் நாற்பத்தொன்றரை கிலோ. ஒன்பதாம் கட்டிலின் எடைக் கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போலக் கிடந்தது.

"தூங்குறவங்க மூச்சு விட்டாலே இந்தக் கோடு நடுங்கும். ரெண்டு மணி நேரமா இது அசையவே இல்ல. இருபது லிட்டர் கேன் ரெண்டு என்ன எடை இருக்கும் பஞ்சநதம்?"

அவள் மறைப்புத் துணியைத் தள்ளி, போர்வையை உருவினாள். இரண்டு தண்ணீர் கேன்கள் சமர்த்தாகப் படுத்திருந்தன. கணினி ஆள் இருப்பதாகச் சொன்னபிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்குக் கோபம் பொங்கியது.

"யாருக்கு இடம் போட்டீங்க?"

"எங்க அக்காவுக்குங்க. முன்கூட்டிக் கேட்டா ரூல் இல்லம்பீங்க. அதான், பஸ்ல துண்டு போடுற மாதிரி..."

"அக்கா எந்த ஊரு?"

"கோடியக்கரை. உப்பளத்துல பாம்பு கடிச்சு..."

எழில்மொழியின் கோபம் பாதியில் நின்றது.

"நீங்க போட்ட துண்டைப் பார்த்துத்தான் கணினி அவங்களைத் திருச்சிக்குத் திருப்பிடுச்சு."

பஞ்சநதம் இரண்டு கேன்களையும் ஒவ்வொன்றாகத் தானே தூக்கி இறக்கினார். கட்டில் பச்சையானது.

"உள்ள வாங்க," என்றாள் எழில்மொழி போனில். "ஒன்பது காலி."

10.44. ஒன்பது மறுபடி சிவந்தது. இந்த முறை டேப்லெட்டில் கோடு நடுங்கியது. திருப்பி வைக்கத் தோளில் தூக்கிய கேனை இறக்க மறந்து, அந்த நடுக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் பஞ்சநதம்.