முந்தானையில் ஒரு கடையாணி

அந்த ஐப்பசியில் பொம்மிடியில் பெய்த மழையைக் குறைத்துத்தான் சொல்ல முடியும். கூட்டிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டரின் கோட்டுப் பையில் கெண்டைக் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. டிக்கெட் இல்லை என்று அவற்றை அவர் வெளியேற்றினார். பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்த மழையில்தான் அவள் ஓடி வந்து வண்டியில் ஏறினாள். கேட்காமல் ஏறினாள்.

கடலைப் பருப்பு மூட்டைகளை ரயிலுக்கு இறக்கிவிட்டுக் கிளம்பிய ஒற்றை மாட்டு வண்டி அது. ஓட்டிக்கொண்டிருந்த ராஜப்பன் அதட்டுவதற்காகத் திரும்பினான்... திரும்பியவன் மறுபடி முன்னால் பார்க்க மறந்தான். இமை முடியில் மழைத்துளி தொங்க, இரண்டு கண்கள்... எத்தனை மழையிலும் நமுத்துப்போகாத தீக்குச்சிகள் மாதிரி.

"யாரும்மா நீ? வண்டின்னா ஏறிடறதா?"

"எறங்கச் சொன்னா எறங்கிடறேங்க. ஆனா மாடு புளியங்கொட்டாய்ப் பக்கந்தான் மூஞ்சிய வெச்சிருக்குது. அதுக்கு இருக்கிற எரக்கம் மனுசனுக்கு இல்லயா?"

"நானும் புளியங்கொட்டாய்தான் போறேன். ஒக்காரு."

"அப்புறம் எதுக்குங்க அந்தக் கேள்வி?"

எதுக்கு? அந்தக் குரலை இன்னும் கொஞ்சம் கேட்கத்தானோ... ராஜப்பன் அவசரமாக மாட்டின் வாலைத் தொட்டான்.

"வெரட்டுங்க. மில்லுல சாயங்காலச் சங்கு ஊதறதுக்குள்ள நான் வூட்டுல இருக்கணும்" என்றாள். பிறகு கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். பெயர் பாஞ்சாலி. சேலத்து ஆசுபத்திரியில் ஆயா வேலை. அண்ணன் மாது பொம்மிடிக் கடலை மில்லில் ஆள். முந்தாநாள் சாயங்காலம் மிஷின் பெல்ட் அவன் வலது கையைப் பிடித்து இழுத்தது. அவன் கையைத் திரும்ப எடுத்தபோது இரண்டு விரல்களைக் காணவில்லை.

ராஜப்பனின் முதுகு விறைத்தது. அதே மில்லில்தான் அவன் கணக்குப்பிள்ளை. முதலாளி அவனுடைய தாய்மாமன். இப்போது அவன் போய்க்கொண்டிருப்பதே மாதுவை ஏற்றிவரத்தான்.

"கம்பவுண்டரு சொன்னாரு... அடிபட்டவன் ரெண்டு நாளு வேலைக்கு வரலைன்னா, மொதலாளி கவருமெண்டுக்கு எழுதிப்போட்டே ஆவணுமாம். பாக்டரி இன்ஸ்பெட்டரு வந்து மிஷினைப் பாப்பாராம். அதுக்கு பயந்துதான் மில்லுக்காருங்க வண்டி அனுப்பி, ஆளை அள்ளிக்கிட்டுப் போயி மூட்டை மேல ஒக்கார வெச்சிடறாங்களாம். ஒக்காந்துட்டா வேலைக்கு வந்த கணக்கு. அடியே படல! இன்னிக்கிச் சங்கு ஊதிட்டா அண்ணனுக்கு ரெண்டு நாளு ஆயிடும்."

"எல்லா மில்லுலயும் அப்பிடி இருக்காதும்மா..."

"போன கோடையில கரியன் மாமனுக்கு வந்துச்சே! வைக்கோல் மெத்தை போட்ட வண்டி. மொதலாளிக்கு என்னா மனசுன்னு ஊரே மெச்சிக்கிச்சு. தனக்கு வண்டி வரலியேன்னு பக்கத்து வூட்டுக்காரனுக்கு ஒரே பொறாமை. பாவம், அவனுக்குக் கை முழுசா இருந்துச்சு."

கரியனை ஏற்றிவந்தவனும் ராஜப்பன்தான். பெல்ட்டை மறைக்க ஒரு பலகை உண்டு. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அது பெல்ட்டுக்கு. மற்ற நாளெல்லாம் மாமாவின் முதுகுக்கு. மத்தியானத் தூக்கத்துக்கு அதைப்போல் குளிர்ந்த பலகை ஜில்லாவிலேயே கிடையாது என்பது மாமாவின் கட்சி.

"எல்லாம் அந்தக் கணக்குப்புள்ள ராஜப்பன் வேலையாத்தான் இருக்கும்" என்றாள் அவள். "ஆளைப் பாத்ததில்ல. பாத்தேன்னா..."

"பாத்தா?"

"அந்த பெல்ட்டுக்கே காட்டிடுவேன்! அது கெடக்கட்டும், ஒங்க பேரு என்னங்க?"

சொல்லிவிடு என்றது மனசு. சொன்னால் இறங்கிவிடுவாள் என்றதும் அதே மனசுதான். நாக்குக்கு மாட்டின் பெயர்தான் கிடைத்தது.

"காளியப்பன்."

பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் மாடு நின்றுவிட்டது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல... யோசிக்குது."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மழை ஒரு நிமிஷம் விட்டது. ராஜப்பனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இன்னும் அரை மைல்... அப்புறம் இந்தக் கண்கள் என்னை எப்படிப் பார்க்கும்?

அந்த அரை மைல் மிகச் சீக்கிரம் முடிந்தது.

வாசலில் மாது தயாராக நின்றான். தலைக்குப் புதுத் துண்டு, கையில் தலையணை பருமனுக்குக் கட்டு. அவன் தாய் பெரியம்மாள் கையில் புதுப் பாய்.

"வாங்க ராஜப்பா தம்பி! நேத்தே வண்டி வரும்னு பாத்தோம். மொதலாளி ஊர்ல இல்லயாமே?"

பாஞ்சாலி வண்டியிலிருந்து மெல்ல இறங்கினாள். ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். அந்தப் பார்வையில் வேலி முள் கருகிற்று. ராஜப்பன் முழுசாகத் தப்பியது ஆச்சரியம்.

"நீங்கதானா அது?"

அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, ஏறாத! இன்னிக்கி சங்கு ஊதற வரைக்கும் வூட்டுலயே இரு. இது மருவாதி இல்ல, ஒன்னய ஏமாத்தற வண்டி!"

"போடி! மொதலாளி வண்டி அனுப்பி நான் போவலைன்னா ஊரு என்னா பேசும்? கரியனே போனான். நான் அவனுக்குக் கொறஞ்சவனா?"

பெரியம்மாள் பாயை விரித்தாள். மாது ஏறி உட்கார்ந்தான். ராஜப்பன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். சக்கரத்தருகே குனிந்தான். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ஆத்தா... கடையாணியக் காணோம். அது இல்லாம ஓட்டினா சக்கரம் கழண்டுக்கும்."

ஊரே சேற்றில் இறங்கித் தேடியது. மூன்று தலைமுறைக்கு முன்னால் தொலைந்த மூக்குத்தி ஒன்று கிடைத்தது. அதற்கு உரிமை கொண்டாடி ஐந்து குடும்பம் வந்தது. கடையாணி மட்டும் கிடைக்கவில்லை.

பாஞ்சாலி தேடவில்லை. வேப்பமரத்தடியில் நின்று அவனையே பார்த்தாள். அவன் வேட்டி மடிப்பில், இடுப்போரம், விரல் நீளத்துக்கு ஏதோ புடைத்திருந்தது. அவன் கை அதை அழுத்திப் பிடித்திருந்தது.

கண்கள் சந்தித்தன. தீக்குச்சிகள் அணைந்து, அங்கே வேறு ஏதோ ஈரமாக... சட்டென்று அவள் குனிந்து, எல்லோரையும்விட மும்முரமாகச் சேற்றைத் துழாவ ஆரம்பித்தாள்.

"இங்க இல்லீங்களே! கெணத்துப் பக்கம் பாருங்க!"

அப்போதுதான் ஜட்கா வந்து நின்றது. மாமா இறங்கவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

"சங்கு ஊதற நேரம். என்னடா பண்ற இங்க?"

"கடையாணி..."

"ஆணி கெடக்கட்டும். மாதுவ இதுல ஏத்து!"

மாது வண்டியிலிருந்து குதித்து ஓடினான். மொதலாளியின் ஜட்கா! கரியனுக்குக்கூடக் கிடைக்காதது. ஒரு கால் படியில்... பாஞ்சாலியின் முகத்தில் ரத்தம் வற்றியது. ராஜப்பன் பார்த்தான். அடுத்த கணம் குதிரையின் கடிவாளம் அவன் கையில் இருந்தது.

"வேணாங்க மாமா."

"என்னடா சொன்ன?"

"மாது, கேளு. நீ வந்து மூட்டை மேல ஒக்காந்தா, மிஷின் ஒன்ன ஒண்ணும் பண்ணலன்னு ஆயிடும். பெல்ட்டுக்குப் பலகை வராது. நாளைக்கி இன்னொருத்தன் கை போவும். அவனுக்கும் நாந்தான் வண்டி ஓட்டிக்கிட்டு வரணும்."

"நாலு வயசுலேர்ந்து ஒனக்குச் சோறு போட்டவன்டா நானு!"

"நெனப்பிருக்குதுங்க மாமா." ராஜப்பனின் குரல் உடைந்தது. "கரியன ஏத்திக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அந்தச் சோறுதான் எறங்க மாட்டேங்குது."

மாது தன் கட்டைப் பார்த்தான்.

"அப்ப... இந்த வண்டியெல்லாம் எனக்கு மருவாதி இல்லீங்களா, மொதலாளி?"

மாமா கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மாது படியிலிருந்து காலை எடுத்தான். வாசலில் போய் உட்கார்ந்தான்.

தூரத்தில், மழையைத் துளைத்துக்கொண்டு, மில் சங்கு ஊதியது...

"இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்றார் மாமா. ஜட்கா திரும்பியது.

அறிக்கை அனுப்ப வேண்டியவர் மாமா. அவர் அனுப்பமாட்டார். ஆகவே ராஜப்பனே இன்ஸ்பெக்டருக்கு ஒரு கார்டு எழுதி, மெயில் வண்டியில் சேர்க்கப் பொம்மிடிக்கு நடந்தான். தினம் போய்வரும் பாதையில் வழி தவறிவிடுவான் என்று பாஞ்சாலியும் ஓலைக்குடையோடு கூடவே வந்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பலகை பெல்ட்டுக்கே போனது. நட்டஈடும் மாதுவுக்கு வந்தது. மாமா பிறகு நின்றுகொண்டே தூங்கப் பழகினார் என்பது தனிக்கதை. கார்டு சேர்த்த அன்றைக்கு நடந்தது வேறு. ரயில் போன பிறகு, ஈரப் பிளாட்பாரத்தில், ஒரே குடைக்குள், இரண்டு பேரும் நின்றார்கள்.

"பொய்யி சொன்னேன்... காளியப்பன் மாட்டோட பேரு" என்றான் ராஜப்பன்.

"தெரியும். அந்தப் பேருக்கு ஏத்த களை மாட்டு மூஞ்சியிலதான் இருக்குது."

"வேலை போச்சு. வூடும் போச்சு. நீ வண்டியில ஏறினப்பவே எறங்கச் சொல்லியிருக்கணும்... முடியல. எப்பவும் முடியாது போலிருக்குது, பாஞ்சாலி..."

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"இடுப்புல இருக்கிறத எடுங்க."

எடுத்துக் கொடுத்தான். அவன் சூடு இன்னும் ஆறாத அந்த இரும்பை முந்தானையில் வைத்து முடிந்தாள்.

"ஏம்மா, வண்டிய மாமாகிட்ட விடணுமே..."

"அதுக்கு ஆசாரி வேற ஆணி அடிச்சுத் தருவாரு. இது எங்கிட்ட இருக்கட்டும்."

"ஒனக்கு எதுக்கு அது?"

பாஞ்சாலி இப்போது திரும்பினாள். மழை நின்றிருந்தது. கண்கள் மட்டும் நனைந்திருந்தன.

"எங்கிட்டச் சொல்லாம நீங்க எங்கயும் கெளம்பிடக் கூடாதில்லீங்க... அதுக்குத்தான்."