ஒரு பிடி பச்சரிசி

"அரிசிப் பானையில கைய வுட்டா அடி தட்டுது. இப்பத்தானே ரேஷன்ல வரிசையில நின்னு வாங்கியாந்தேன்? இந்த வூட்டுப் பெருச்சாளிக்கு நாலு காலா, ரெண்டு காலா?"

காமாட்சியம்மாள் காலையில் குரலை எடுத்தால் தெருவிலுள்ள தறிச் சத்தமெல்லாம் அடங்கிப் போகும். மருமகள் ஏலவார்குழலி காதில் விழாதவள்போல் தறியோரத்தில் உட்கார்ந்து, நூல் சுற்றிய நாடாவை வீசினாள். கை பாதியிலேயே தளர்ந்தது.

கரையைத் தனி நாடாவால் உடலோடு கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்கார்ந்து புருஷன் சபாபதி சேலையின் உடலை நெய்வான். ஓரத்தில் உட்கார்ந்து அவள் கரைக்கு நாடா வீச வேண்டும். அவள் கை நின்றால் தறியே நிற்கும். சித்திரையில் வயிற்றிலிருந்த பிள்ளை குறைமாதத்தில் உதிரமாகப் போயிற்று. தீட்டுக் கழிந்ததும் தறிக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து இந்த அசதி. தூங்கி எழுந்தாலும் அசதி. குடத்தைத் தூக்கினால் நெஞ்சு படபடக்கிறது. ஒருநாள் வாய்விட்டுச் சொன்னபோது, "எங்களுக்கு இல்லாத அசதியா?" என்று மாமியார் கேட்டாள். அதன்பிறகு குழலி யாரிடமும் சொல்லவில்லை.

அரிசி எங்கே போயிற்று என்பதும் அவளுக்குத் தெரியும். பாவி, அவள்தான் எடுத்தாள்... ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை. பச்சரிசியைக் கண்டாலே வாய் ஊறியது. ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு, அவ்வப்போது நறநறவென்று மென்றால்தான் மனம் அடங்கியது. ஊரே அரிசிக்கு அலைகிற காலத்தில், சின்னப் பிள்ளைபோலத் திருடித் தின்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

"நேத்து உங்கம்மா கூரத்துலேர்ந்து பையோட வந்துச்சே... வரும்போது பை காலி. போகும்போது கனமா இருந்துச்சே?"

"தேங்கா மூடி அத்தே. நடுவுல கோயிலுக்குப் போயிட்டு வந்துச்சு..."

"அப்ப அரிசிய நீ எடுக்கல?"

குழலி குனிந்து நாடாவைக் கையில் எடுத்தாள். சபாபதி நெய்வதை நிறுத்தினான். "எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லேன் குழலி."

"வார்த்த எதுக்கு? கற்பூரம் அடிக்கட்டும்."

முருகன் படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் எரிந்தது. 'அரிசியை நான் எடுக்கவில்லை' என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் பண்ணினால் வம்சம் விளங்காது. அம்மாவுக்குக் கொடுக்கவில்லை என்று சொல்லச் சொன்னால் ஆயிரம் தடவை அடிப்பாள். எடுக்கவில்லை என்று எப்படி அடிப்பாள்? ஏற்கெனவே ஒரு பிள்ளை போய்விட்டது.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். கற்பூரம் தானாகவே எரிந்து அணைந்தது.

"பாத்தியாடா? இங்க படுத்துத் தூங்கறதும், தாய் வூட்டுக்கு மூட்ட கட்டறதும்... இவ வந்த லட்சணம்!"

சபாபதி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கூரத்துக்கே போயிடு. அரிசிக்காவச் சொல்லல. ஒரு சத்தியம் பண்ண முடியாதவளோட நான் எப்படிக் குடித்தனம் பண்றது?"

"போறேங்க. ஆனா எங்கம்மா எதையும் எடுத்துக்கினு போகல. அத மட்டும் மனசுல வச்சுக்குங்க."

உள்ளே போய் இரண்டு சேலைகளை மடித்தாள். கண்ணீர் வழிய வழிய, கை பழக்கத்தில் முந்தானை முடிச்சுக்குப் போயிற்று. மென்றுகொண்டே எழுந்தவளுக்குக் கண் இருண்டது. விழுந்த சத்தம் கேட்டு இருவரும் ஓடிவந்தபோது தரையெல்லாம் அரிசி சிதறிக் கிடந்தது.

"இதோ, முடிச்சுலயே இருக்குது பாரு," என்று ஆரம்பித்த காமாட்சியம்மாள், தண்ணீர் புகட்ட அவள் வாயைத் திறந்ததும் பேச்சை நிறுத்தினாள். நாக்கில் மென்றும் மெல்லாததுமாய்ப் பச்சரிசி மாவு. கீழிமையை இழுத்துப் பார்த்தாள். சிவப்பே இல்லை.

"ஐயோ தில்லை..."

தில்லையம்மாள் அவள் பெற்ற மகள். தலைப்பிரசவத்தில் போனவள்.

"அம்மா, இது குழலிம்மா," என்றான் சபாபதி.

"தெரியும்டா. தில்லையும் இப்படித்தான் அரிசி தின்னுவா. கல்யாணத்தன்னிக்கு மழ கொட்டிச்சே, அரிசி தின்னிப் பொண்ணுன்னு ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். முடியலம்மான்னு வந்து நின்னவள, சோம்பேறின்னு திட்டித் திருப்பி அனுப்பினேன்டா. அவ செத்தப்புறம் டாக்டரம்மா சொன்னாங்க, ரத்தம் வத்தினா அரிசியும் மண்ணும் தின்னத் தோணும்னு. அதக் கேட்ட பாவி, இவளுக்குக் கற்பூரம் கொளுத்தி வச்சேனே..."

குழலி கண் விழித்தபோது தலை மாமியாரின் மடியில் இருந்தது. "நாந்தான் தின்னேன் அத்தே," என்றாள் முதல் வார்த்தையாக. காமாட்சியம்மாள் அவளை மார்போடு இறுக்கிக்கொண்டு அழுதாள். எந்த மகளுக்காக அழுதாளோ, அவளுக்கே தெரிந்திருக்காது.

பெரிய ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். தினமும் கீரை தின்னச் சொன்னார்கள். மத்தியானம் கட்டாயம் படுக்க வேண்டும், அதுவும் மருந்துதான் என்றார்கள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் குழலியின் தட்டில் முருங்கைக்கீரையும் சோறும் விழுந்தன. பிறகு மாமியார் பாயை விரித்துப் படுக்கச் சொல்லிவிட்டு, தானே போய்த் தறியோரத்தில் உட்கார்ந்தாள். பகலில் படுத்துப் பழகாத குழலிக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்ணை மூடிக்கொண்டு தறிச் சத்தத்தைக் கேட்டாள். நாடா ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

"இருடா, கை வுட்டுப்போவுது," என்றாள் காமாட்சியம்மாள்.

"அவ ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லையேம்மா," என்றான் சபாபதி.

"சொன்னாடா. ஒருநாள் சொன்னா. என்னாண்டதான் சொன்னா."

குழலியின் கண்ணோரத்தில் நீர் இறங்கித் தலையணையில் ஊறியது. துடைக்கக் கை எழவில்லை. அப்படியே உறங்கிப் போனாள்.

பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் மோர் வாங்க வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, நீ தறியில குந்திக்கினு இருக்கிற... மருமக பட்டப்பகல்ல தூங்கறா?"

"ஆமா, தூங்கறா," என்றாள் காமாட்சியம்மாள். "மெதுவாப் பேசு."