வந்தவருக்கு வெள்ளைக் காய்

தையல்கார ஹபீபுர் ரஹ்மான் பாயை அடக்கம் செய்துவிட்டு, மந்தைவெளியில் தன் வீட்டுக் கதவைத் திறந்தார் காஸ்பர். மின்சாரம் இல்லை. சாயங்கால வெளிச்சம் சன்னலோடு நின்றுவிட்டிருந்தது.

மனைவி கிளாடிஸ் போன பிறகு இந்த வீட்டில் கேட்ட ஒரே குரல் பாயுடையதுதான். சதுரங்கத்தில் இருவருமே கத்துக்குட்டிகள். ஆனாலும் ஓர் ஏற்பாடு இருந்தது: தோற்றவர் மறுநாள் ஜெயித்தவர் வீட்டுக்குப் போக வேண்டும். போனவருக்கு வெள்ளைக் காய். கடைசி ஆட்டத்தில் தோற்றவர் பாய். அன்று எழுந்து போகும்போது அவர் சொன்னது:

"நாளிக்கு நான் வரணும், அவ்ளோதான வாத்தியாரே? டீல சக்கரய போடு. உன் மூஞ்சி மாரியே கசக்குது."

கைபேசி அடித்தது. பெருங்குடியிலிருந்து மகள் ஷெரில்.

"தனியா இருக்காதீங்கப்பா. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

"பாக்கலாம்மா."

வைத்ததும் வீடு இன்னும் பெரிதாகிவிட்டது. பழக்கத்தில் பலகையை விரித்துக் காய்களை அடுக்கினார். வெள்ளை, எதிர் நாற்காலிப் பக்கம். டீ போட்டுக்கொண்டு திரும்பினார்.

வெள்ளை ராணியின் முன்னிருந்த சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்திருந்தது.

பாய் வேறு எப்படியும் தொடங்கியதில்லை.

தையல் மெஷின் எண்ணெய் வாசனை. அதோடு ஈர மண்.

"பாய்?"

பயத்தையும் மீறி சந்தோஷமாக இருந்தது. தன் சிப்பாயை எதிரே வைத்தார். கண் இமைக்கும்போதெல்லாம் வெள்ளை நகர்ந்தது.

ஜெயித்தால் பாய் நாளையும் வருவார்.

தோற்றால்?

பாயின் வீடு இப்போது எது என்பது அப்போதுதான் உறைத்தது. சற்று முன்பு அவரும் ஒரு பிடி மண் போட்டிருந்தார்.

யானையை எடுக்கப் போன விரல் குதிரையில் பட்டுவிட்டது. ராஜாவைக் காத்து நின்ற குதிரை. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். பாய் அதில் விட்டுக்கொடுத்ததே இல்லை.

"தெரியாம பட்டுடுச்சு பாய்..."

எதிர் நாற்காலி கிறீச்சிட்டது.

குதிரையை நகர்த்தினார். வெள்ளை ராணி வந்து அவருடைய ராஜாவை ஒட்டி நின்றது. ஆட்டம் முடிந்தது.

கைபேசியில் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடினார்.

உள்ளே பார்த்துக் கழற்றிய செருப்புகள், வெளியே பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. கிளாடிஸுக்குப் பிறகு அவருக்காக யாரும் அப்படி வைத்ததில்லை.

"சொல்லுங்கப்பா, இப்பவே வரவா?"

குனிந்து செருப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்கு வராதம்மா. பாய் வீட்டுக்குப் போகணும்."

பின்னால், இருட்டில், காய்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் விழத் தொடங்கின.