வாயாடியின் மாமா

அவளை வீட்டிலும் பள்ளியிலும் எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாமல் பேசுவாள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசவே மாட்டாள். அது அவளுடைய மாமா.

மாமா அம்மாவின் தம்பி. பெயிண்டர். ஒருநாள் ஏணியிலிருந்து விழுந்து அவருக்கு முதுகில் பலமாக அடிபட்டது. வலிக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தார். வலி போன பிறகும் மாமாவால் அந்த மாத்திரையை விட முடியவில்லை. வேலை போனது. கலகலவென்று இருந்தவர் யாரோ போல ஆகிவிட்டார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொண்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார்.

"மாமா கப்பல்ல வேலை பாக்கறார்" என்று வாயாடி வகுப்பில் சொல்லி வைத்திருந்தாள்.

அன்று வகுப்பு முழுவதும் மூளை ஆராய்ச்சிக் கூடத்தைப் பார்க்கப் போயிருந்தது. நரைமுடி ஆராய்ச்சியாளர் ஒருவர் திரையில் ஒரு மூளையின் படத்தைக் காட்டினார். அதில் சில இடங்கள் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தன.

"மூளையில இருக்கிற செல்கள் மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. பொடிப்பொடியா, ஏராளமா இருக்கும். நீங்க விளையாடி ஜெயிச்சா உள்ளே ஒரு ரசாயனம் சுரந்து இந்த ஏற்பிகள்ல போய் உட்காரும். உடனே உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்."

"உட்காருமா? அப்போ நாற்காலி மாதிரியா?" என்று கேட்டான் கேள்விப்பெட்டி. வாயாடிக்குப் பக்கத்தில் உட்காருபவன். கேள்வி கேட்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"அப்படியே வச்சுக்கோ. போதைப்பொருளோ, போதை தர்ற வலி மாத்திரையோ உள்ளே போனா அந்த ரசாயனம் வெள்ளமா பாயும். செல் திணறிப்போய், நாற்காலிகளை உள்ளே இழுத்துக்கும். அப்புறம் பாட்டு, விளையாட்டு, நல்ல சாப்பாடு எதுவும் அவங்களுக்குச் சந்தோஷம் தராது. மறுபடியும் அதையேதான் தேடுவாங்க."

"விட்டுட்டா நாற்காலி திரும்பி வருமா?"

"பல பேருக்கு மெதுவா வருது. எவ்வளவு நாள் ஆகும், எல்லாருக்கும் வருமா, அதைத்தான் நாங்க தேடிக்கிட்டிருக்கோம்."

மாமா தனக்குப் பிடித்த பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது வாயாடிக்கு ஞாபகம் வந்தது. 'சோம்பேறி' என்று அன்று மனதுக்குள் திட்டியிருந்தாள்.

வரிசையாக வெளியே வந்தார்கள். நடைபாதையில் ஒரு பெஞ்சில், மருத்துவமனை உடுப்பில், ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

மாமா!

அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கையைத் தூக்கினார்.

"யாரு அது? உன்னைப் பாத்துச் சிரிக்கிறாரே, தெரிஞ்சவரா?" என்றான் கேள்விப்பெட்டி.

"தெரியாது" என்றாள் வாயாடி.

தூக்கிய கை அப்படியே இறங்கியது. டீச்சர் திரும்பி, "யாரையாவது தேடறீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லைங்க. வேற யாரோன்னு நெனச்சுட்டேன்" என்றார் மாமா. அவர் வாயாடியின் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் காதெல்லாம் சூடாகிவிட்டது. இவ்வளவு நாளும் மாமாவை நினைத்து வெட்கப்பட்டாள். இப்போது தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது. இது அதைவிட மோசம். இதை யார் தலையிலும் போட முடியாது.

அப்போது பின்னால் ஒரு நர்ஸின் குரல் கேட்டது. "ஆராய்ச்சிக்காக மூளைய ஸ்கேன் பண்ண உங்க முறை வந்துருச்சு. உள்ளே போலாமா?"

"இல்லம்மா. அந்த மெஷினுக்குள்ள தனியா படுக்கப் பயமா இருக்கு. நான் கிளம்பறேன்."

"கட்டாயம் இல்லை, சார். உங்க இஷ்டம்தான்."

வாயாடி நின்றுவிட்டாள்.

"டீச்சர், அவர் என் மாமா. நான் போய்ப் பேசணும்."

வரிசை முழுவதும் நின்றது.

"தெரியாதுன்னு சொன்னியே?" என்றான் கேள்விப்பெட்டி.

"பொய் சொன்னேன்."

"கப்பல் மாமாவா?"

"கப்பலே கிடையாது. அதுவும் பொய். எங்க வீட்லதான் இருக்கார். மாத்திரையை விட முடியாம கஷ்டப்பட்டார். இப்ப விட்டுட்டார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாயாடி தலையைக் குனிந்துகொண்டே பெஞ்சை நோக்கி நடந்தாள்.

"மாமா, நான் செஞ்சது தப்பு."

"சின்னப் பொண்ணு, கூட்டத்துல என்ன செய்வே? விடு கண்ணு."

"விட மாட்டேன். நான் பேசிக்கிட்டே இருந்தா பயம் போகுமா?"

மாமா நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் யோசித்தார். "உள்ளே விட முடியாது. வேணும்னா பக்கத்து அறையில இருந்து மைக்குல பேசலாம். ஆனா சிரிக்க வைக்கக் கூடாது. தலை அசைஞ்சா படம் கெட்டுடும்."

சிரிக்க வைக்காமல் பேசுவதா? வாயாடிக்கு அது பெரிய சோதனை. பக்கத்து அறையில் மைக் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய வளையத்துக்குள் மாமாவின் தலை நுழைந்தது. அவர் விரல்கள் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தன.

உலகத்திலேயே சிரிப்பு வராத ஒன்றை அவள் தேடிப் பிடித்தாள்.

"பதினாறாம் வாய்ப்பாடு. ஓர் பதினாறு பதினாறு. ஈர் பதினாறு முப்பத்திரண்டு…"

அது முடிந்ததும் பதினேழு. அப்புறம் பள்ளி விதிமுறைகள். விரல்கள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. மாமா அசையவே இல்லை.

வெளியே வந்தபோது வகுப்பு முழுவதும் காத்திருந்தது. கேள்விப்பெட்டி முதலில் ஓடி வந்தான்.

"மாமா, உள்ளே வலிச்சுதா?"

"மெஷின் வலிக்கலை தம்பி. பதினேழாம் வாய்ப்பாடுதான் வலிச்சுது. அதுல ரெண்டு தப்பு!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை வாயாடி பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

திரும்பும்போது பேருந்தில் கேள்விப்பெட்டி விடாமல் கேட்டுக்கொண்டே வந்தான். வாயாடியின் முகம் இன்னும் கொஞ்சம் சுட்டது. ஆனாலும் தெரிந்ததையெல்லாம் உள்ளபடி சொன்னாள். தெரியாததற்கு மட்டும், "இரு, சாயங்காலம் எங்க மாமாவையே கேட்டுச் சொல்றேன்" என்றாள், பின் இருக்கை வரைக்கும் கேட்கும்படி.