மூன்று வீட்டுத் துப்பாக்கி

கெசையா மாட்டு வண்டியிலிருந்து இறங்கியபோது மலைக்குப் பின்னால் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மேப்பிள் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நின்றன. வெர்மான்ட் மலைகளில் அக்டோபர் கடைசியென்றால் அப்படித்தான். பால் கறந்து முடிப்பதற்குள் இருட்டு வந்துவிடும். அவளுடைய பெட்டியையும் நூல் நூற்கும் சக்கரத்தையும் லெமுவேல் இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். அன்று காலையில்தான் பாதிரியார் அவர்களுக்கு மணம் செய்துவைத்திருந்தார்.

இருவருக்கும் அது இரண்டாம் கல்யாணம். லெமுவேலின் முதல் மனைவி காய்ச்சலில் போனவள். கெசையாவின் கணவன் ஆசா, ஆங்கிலேய அரசனை எதிர்த்து நடந்த போரில், ஆற்றங்கரைச் சண்டைக்குப் போனவன். திரும்பி வரவில்லை. உடல் கிடைத்ததென்று சொல்லவும் யாரும் வரவில்லை.

மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டிய வீடு. உத்தரமெல்லாம் புகைக் கறுப்பு. கணப்புக்கு மேலே மான் கொம்புகளில் ஒரு நீளமான சக்கிமுக்கித் துப்பாக்கி கிடந்தது. அவள் அதைப் பார்ப்பதைக் கண்டு லெமுவேல் சிரித்தான்.

"அது மூணு வீட்டுத் துப்பாக்கி. குழல் எங்கப்பாவோடது. கட்டை விரிஞ்சுபோச்சுன்னு கொல்லன்கிட்டக் கொண்டுபோனேன். சண்டை நடந்த இடத்துல பொறுக்கின சாமான் அவன்கிட்டக் குவிஞ்சு கெடந்துச்சு. ஒருத்தனோட கட்டை, இன்னொருத்தனோட பொறி தட்டுற விசைன்னு சேத்துக் குடுத்துட்டான். என்னை மாதிரிதான் அதுவும். பாக்க முழுசா இருக்கும், சுடச் சொன்னா யோசிக்கும்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

நவம்பர் பிறந்து முதல் பனி விழுந்தது. ஒரு சாயங்காலம் அவள் சோளக்கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். நெஞ்சில் நீர் கோத்தவன் அடக்கி அடக்கி இருமும் இருமல். கூழ் ஆயிற்று, உட்காருங்கள் என்று திரும்பாமலே சொன்னாள்.

வெளியே கோடாரி விறகைப் பிளக்கும் சத்தம் கேட்டது.

லெமுவேல் வெளியே இருந்தான்.

அவள் மெல்லத் திரும்பினாள். பெஞ்சில் யாருமில்லை. ஆனால் நனைந்த கம்பளியின் வாடை அடித்தது. அதற்கடியில் எரிந்த வெடிமருந்தின் புளித்த வாடை.

லெமுவேல் உள்ளே வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். மறைக்கவில்லை. கொல்லனிடமிருந்து துப்பாக்கி திரும்பி வந்த நாளிலிருந்து இப்படித்தான் என்றான். பொழுது சாயும்போது வரும், யாரையும் ஒன்றும் செய்யாது. முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ வந்திருக்க மாட்டாய் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பயந்த வீட்டில் தனியாகக் கூழ் குடித்த மனிதனை எப்படிக் கோபிப்பது?

மறுநாள் அவன் மான் வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினான். கைக்கெட்டும் தூரத்தில் மான் நின்றதாம். பொறி பறந்ததாம், வெடிக்கவில்லையாம். துப்பாக்கி ஈரமாகியிருந்தது. துடைத்து ஆளிவிதை எண்ணெய் பூசலாமென்று கெசையா அதை மடியில் வைத்துக்கொண்டாள். செர்ரி மரக் கட்டை. துணியோடு போன விரல், தோளில் பதியும் அடிப்பக்கத்தில் தடுக்கி நின்றது.

வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். அந்த வரிசை ஒரு குழந்தையின் வாயளவே அகலம்.

அவள் கை அங்கேயே நின்றுவிட்டது.

புயலில் சாய்ந்த செர்ரி மரத்தில் ஆசா தானே செதுக்கிய கட்டை அது. தரையில் கிடந்ததை அவர்கள் மகள் டார்கஸ் தவழ்ந்துபோய்ப் பிடித்து, முளைத்தும் முளைக்காத பற்களால் கடித்துவைத்தாள். தேய்த்து வழவழப்பாக்கிவிடேன் என்று கெசையா சொன்னதற்கு, என் மகள் போட்ட முத்திரை, இருக்கட்டும் என்று ஆசா மறுத்துவிட்டான். அவன் போருக்குப் போன அந்தக் குளிர்காலத்திலேயே தொண்டை அடைப்பு நோய் டார்கஸைக் கொண்டுபோயிற்று. அது அவனுக்குத் தெரியாது.

லெமுவேலிடம் சொன்னாள். இது இனி உன்னுடையது, நீ சொல்கிறபடி செய்யலாம் என்றான். பால் வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டான், அவளைத் தனியே விடுவதற்காகவே.

கணப்பில் தணல் மட்டும் இருந்தது. இருமல் வந்தது.

"ஆசா, நீயா?" என்றாள்.

பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ குனிந்து உட்காருகிற சத்தம். அவள் காதருகே ஒரு கிசுகிசுப்பு, ஈர மூச்சோடு. கெஞ்சுகிற குரல்.

ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அது ஆசாவின் குரலே இல்லை.

வாசலில் வாளியோடு லெமுவேல் உறைந்து நின்றான். அந்தப் பேச்சை அவன் சண்டையில் கேட்டிருக்கிறான். "ஜெர்மன்காரன் பேச்சு. ராஜா கூலிக்குக் கூட்டிட்டு வந்தானே, அந்தப் பட்டாளம். விசை அவனோடதாத்தான் இருக்கணும்."

கெசையாவுக்குப் பயம் போய் வெறுப்பு பொங்கியது. தன் கணவனைக் கொன்றவர்களில் ஒருவன், தன் மகள் கடித்த கட்டையில் ஒட்டிக்கொண்டு, தன் வீட்டுக் கணப்பில் குளிர்காய்கிறான். இப்போதே அதைக் கழற்றுங்கள் என்றாள். லெமுவேல் திருகாணிகளைக் கழற்றினான். கல்லைக் கவ்வும் அந்த இரும்பு விசையை அவள் கந்தலில் சுற்றி, மேய்ச்சல் நிலத்துக் கற்சுவர் வரை கொண்டுபோய் இடுக்கில் செருகிவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் பகலிலேயே வானம் கறுத்துப் பனி கொட்டியது. இருமல் இல்லை, வாடை இல்லை. லெமுவேலும் அவளும் தீயருகே உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க அவன்?"

துப்பாக்கிப் பக்கமிருந்து வந்தது குரல். இந்தக் குரல் அவளுக்குத் தெரியும். லெமுவேலின் கை அவள் கையைப் பற்றியது.

"யாரு, ஆசா?"

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல கெடந்தோம். நான் அவனைச் சுட்டேன், அவன் என்னைச் சுட்டான். விடியற வரைக்கும் உசிரு போகல. அவன் குடுவையில கொஞ்சம் தண்ணி இருந்துச்சு. பாதி எனக்குக் குடுத்தான்." குரல் தேய்ந்து, மறுபடி வந்தது. "இங்க ரொம்ப இருட்டா இருக்கு, கெசையா. அவன் எங்க?"

அவள் கற்சுவர் இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாப்பா நடக்குறாளா?"

அந்தக் கேள்வி வருமென்று அவளுக்கு நேற்றிலிருந்தே தெரியும். பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தாள். வாய் வரவில்லை.

"நீ போன குளிர்காலத்துலயே அவ போயிட்டா, ஆசா. என் மடியிலதான். உன்னைக் கேட்டா."

வீடு அப்படியே அடங்கிப்போனது. தீயின் சத்தம்கூட நின்றதுபோலிருந்தது. பிறகு ஓர் ஆண் அழுகிற சத்தம், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுவதுபோல. அது எழுந்து சுவரெல்லாம் பரவியது. அதற்குப் பதில் போல, வெகு தூரத்தில், பனிக்கு அப்பால், கற்சுவர்ப் பக்கமிருந்து இன்னொரு அழுகை கேட்டது.

கெசையா எழுந்தாள். லெமுவேல் தடுக்கவில்லை, தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான். முழங்கால் வரை பனியில் இறங்கி நடந்தாள். கற்சுவரில் கையை விட்டுத் துழாவி எடுத்தாள். இரும்பு அத்தனை குளிரிலும் குளிராக இல்லை. யாரோ கைக்குள் வைத்திருந்ததுபோல் இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "வா, உள்ள வா. அவன் தனியா இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். புரியாவிட்டால் என்ன?

லெமுவேல் விசையைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்கினான். அழுகை சிறிது சிறிதாகத் தணிந்தது. அதற்கப்புறம் அவன் அந்தத் துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கவில்லை. கண்ணி வைத்து முயல் பிடித்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க முயல்தான். எங்கப்பாவும் குழலுக்குள்ளிருந்து இதைப் பார்த்துச் சிரிப்பார் என்று ஒருநாள் சொன்னான். கெசையா அவன் தட்டில் இன்னொரு கரண்டி கறி வைத்தாள்.

ஜனவரியில் கடுங்குளிரான ஒரு காலை. லெமுவேல் தொழுவத்தில் இருந்தான். அவள் ஜன்னலருகே போனாள். கண்ணாடியின் உட்பக்கம் முழுக்க உறைபனி தடித்துப் படிந்திருந்தது. அதில் இரண்டு இடங்கள் மட்டும் வட்டமாக உருகித் தெளிந்திருந்தன. ஆள் உயரத்தில், தோளோடு தோள் சேர்ந்து நின்றால் இரண்டு முகங்கள் இருக்கும் இடைவெளியில். டார்கஸைப் புதைத்த ஊருக்கு இறங்கும் பாதை அந்த ஜன்னல் வழியாகத்தான் தெரியும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வட்டத்தின் ஓரத்தில் உறைபனி மெல்ல மூடத் தொடங்கியது.

யாரோ ஊதினார்கள். வட்டம் மறுபடி தெளிந்தது.